நயினாதீவுக்குப் போன பந்தயக் கார்

நெடுந்தீவில் பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பல் பார்க்கிறவள் பவதாரணி. வெள்ளைச் சட்டையோடு அவள் வகுப்பு வாசலில் வந்து நின்றால் முன்வாங்குப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொள்வார்கள், பின்வாங்குப் பிள்ளைகள் யன்னலுக்கு வெளியே பார்ப்பார்கள். "பல்லு மிஸ்" என்றுதான் தீவு முழுக்க அவளுக்குப் பெயர். வயது முப்பத்தாறு. பதறாத கை. சின்னஞ்சிறிய ஓட்டைகளையே பார்த்துப் பழகிய கண். அந்தக் கையும் கண்ணும் ஒருநாள் ஒரு பிளாஸ்ரிக் காருக்குள் போய் மாட்டிக்கொள்ளும் என்று அவளே நினைத்திருக்கவில்லை.

கார் வந்தது அவளுக்கல்ல, கணவன் தயாபரனுக்கு. ஜேர்மனியில் இருக்கும் அவளுடைய தம்பி லவனும் தயாபரனும் போனில் கதைத்தால் கார்ப் பந்தயம் தவிர வேறு கதை இல்லை. அதனால் லவன் ஊருக்கு வந்தபோது அத்தானுக்கென்று ஒரு பெட்டி கொண்டுவந்தான். எப்போதோ ஓடிய ஒரு வெள்ளைப் பந்தயக் காரின் சிறு வடிவம், உண்மைக் காரின் பன்னிரண்டில் ஒரு பங்கு. பெட்டிக்குள் கார் இல்லை. பிளாஸ்ரிக் சட்டங்களில் ஒட்டியபடி நூற்றுக்கணக்கான துண்டுகள்தான் இருந்தன. ஒவ்வொன்றாகக் கழற்றி, அராவி, பசை போட்டு ஒட்டி, நிறம் பூசிக் காராக்க வேண்டும்.

தயாபரன் மின்சார நிலையத்தில் ஆள் உயர ஜெனரேற்றரைக் கழற்றிப் பூட்டுகிறவன். இது என்ன பெரிய வேலை என்று சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இருந்தான். கொஞ்ச நேரத்தில் அவனுடைய பெருவிரலும் சுட்டுவிரலும் காரின் ஒரு சில்லும் ஒன்றாக ஒட்டிப்போயின. பவதாரணி இளஞ்சூட்டுச் சவர்க்காரத் தண்ணீரில் கையை ஊறவைத்து மெல்ல மெல்லப் பிரித்தெடுத்தாள்.

"இது எனக்குச் சரிவராதப்பா. நீர் பல்லு அடைக்கிற கை. நீரே கட்டும்" என்று பெட்டியை அவள் பக்கம் தள்ளிவிட்டுப் படுக்கப் போனான்.

அவள் கட்டினாள். பெட்டியில் வந்த செய்முறைக் கடதாசியில் இருந்தபடியே எஞ்சினை ஒட்டி முடித்து விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் மனம் ஒப்பவில்லை. புகைக்குழாய்க்கு வெள்ளிப் பூச்சுப் பூசியிருந்தாள். எத்தனை தரம் பூசினாலும் அது பூச்சுப் பூசிய பிளாஸ்ரிக்காகவே நின்றது. காலையிலிருந்து மாலைவரை உருக்கையும் பல்லடைக்கிற வெள்ளிக் கலவையையும் பார்க்கிற கண்ணை ஏமாற்ற முடியுமா?

முதலில் மாற்றியது பெற்றோல் போகும் சின்னக் குழாய்களின் முனைகளை. பாமசியில் ஊசி வாங்கி, அதன் உருக்குக் குழலைக் குண்டுமணி நீளத்துக்கு வெட்டி மாட்டினாள். பிளாஸ்ரிக் எஞ்சினில் அந்த ஊசி முனைகள் மட்டும் பளிச்சென்று உண்மையாகத் தெரிந்தன. அதோடு தொடங்கிற்று வினை. ஒன்று உண்மையானதும் பக்கத்தில் இருந்த எல்லாம் பொய்யாகத் தெரிந்தன.

ஒரு பின்னேரம் தயாபரன் றேடியோவைத் தட்டிக்கொண்டு நின்றான்.

"என்ன இது இப்பிடிக் கரகரக்குது? அன்ரனா எங்கை?"

பவதாரணி காரின் பின்பக்கத்தைக் காட்டினாள். ஒன்றுக்குள் ஒன்று நுழைகிற அந்த அன்ரனாக் குழாய்களைப் பிரித்து, காஸ் அடுப்பில் பழுக்கக் காய்ச்சி ஆறவிட்டு, உள்ளே கடற்கரைப் பொடி மணலை நிரப்பி, இரண்டு முனையையும் மெழுகால் அடைத்து, பேனையில் சுற்றி வளைத்திருந்தாள். மணல் நிரப்பாமல் வளைத்த முதல் இரண்டும் வாழைத்தண்டுபோல மடிந்து போயின. அதனால் பக்கத்து வீட்டாரின் பழுதான றேடியோவும் அன்ரனாவை இழந்திருந்தது.

தயாபரன் குனிந்து பார்த்தான். எஞ்சினின் இரு பக்கத்திலிருந்தும் பாம்புக்குட்டிகள்போல நெளிந்து வந்து பின்னால் ஒன்றுசேர்ந்த குழாய்கள். அவன் றேடியோவை நிறுத்திவிட்டான்.

"வடிவாயிருக்கு. இனிக் கிரிக்கெற் போனிலை கேக்கிறன்" என்றான்.

எஞ்சினுக்கு மேலே காற்று இழுக்கிற எட்டுக் குட்டிப் புனல்கள் வேண்டும். அதற்கு எதைப் பிடிப்பது என்று நாட்கணக்காக யோசித்தவள், ஒருநாள் நோயாளர் அட்டையில் எழுதிக்கொண்டிருந்தபோதே பேனையைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். பேனையின் பித்தளை முனை! தலைகீழாக வைத்தால் அச்சொட்டாக அதே புனல். அடுத்த கிழமை பாடசாலைகளில், "தீர்ந்த பேனை வைச்சிருக்கிற ஆக்கள் எனக்குத் தாங்கோ" என்று கேட்டாள். வாயைத் திறக்கச் சொல்லாமல் பேனையைக் கேட்கிற பல்லு மிஸ்ஸைப் பிள்ளைகள் அன்றுதான் கண்டார்கள். மேசை நிறையப் பேனை குவிந்தது. தீராத பேனையும் சிலது அதில் கிடந்தது.

தயாபரனின் ட்றில் மெசினை மேசை விளிம்பில் பட்டி போட்டு இறுக்கி, உலோக ஒட்டு வேலைக்குப் பாவிக்கிற பித்தளைக் கம்பியை அதில் பூட்டிச் சுழலவிட்டு, அரத்தை மெல்லப் பிடித்துச் சில்லு நட்டுகளைக் கடைந்தாள். பழைய சட்டை ஒன்றின் அழுத்துப் பொத்தான்களை மினுக்கிப் பக்கக் கண்ணாடிகள் ஆக்கினாள். மின்விசிறி ஒன்று எரிந்ததில் செப்புக் கம்பி கிடைத்தது. ஈயம் பற்றவைக்கும்போது சூட்டுக்கோல் வழுகிக் காரின் மூக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டை போட்டது. பிள்ளையின் பல்லில் ஓட்டை என்றால் அடைக்கலாம், இதை என்ன செய்வது என்று ஒருநாள் முழுக்கக் கவலைப்பட்டாள். பிறகு பால்மா ரின்னின் உள்மூடித் தகட்டை வெட்டி, ஆணி அடித்ததுபோலப் புள்ளி குத்தி, அந்த இடத்தில் ஒரு மூடியாகவே ஒட்டிவிட்டாள். பார்த்தவர்கள் அது காரிலேயே இருந்தது என்றுதான் நினைப்பார்கள்.

ஆனால் பார்க்கத்தான் ஒருவரும் இல்லை.

ஒரு காலை எழும்பி வந்து பார்த்தால் கார் முன்னங்கால் மடிந்த மாடுபோல மேசையில் கிடந்தது. ஏறிய உலோகத்தின் பாரம் தாங்காமல் முன்சில்லுகளைப் பிடிக்கிற பிளாஸ்ரிக் கைகள் முறிந்துவிட்டன. பவதாரணி தலையில் கை வைத்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டாள். பின்னே என்ன, அந்தக் கைகளையும் பித்தளைக் கம்பியில் செய்தாள். முன்பக்கம் பித்தளையானதும் பின்பக்கத்தில் நம்பிக்கை போயிற்று. அதையும் செய்தாள். கடைசியில் மேல்கூடும் இருக்கையும் ரயரும்தான் பெட்டியில் வந்தபடி மிஞ்சின.

இதையெல்லாம் யாருக்காவது சொல்ல வேண்டும் என்று அவளுக்கு ஆசை. தயாபரனுக்குச் சொல்லத் தொடங்குவாள். அவனும் ஆசையாகத்தான் காது கொடுப்பான். ஆனால் இரவு வேலை முடித்து வந்த மனிதன், மணல் நிரப்பும் இடம் வருவதற்குள் குறட்டை விட்டுவிடுவான்.

அதற்குப் பரிகாரமாகவோ என்னவோ, யாழ்ப்பாணத்தில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் சிற்றுருக் கண்காட்சி ஒன்று நடக்கப்போகிறது என்று முகநூலில் கண்டதும், அவளைக் கேட்காமலே பெயர் பதிந்துவிட்டான்.

"ஆரைக் கேட்டுப் பேர் குடுத்தனீங்கள்?"

"ஆரையும் கேக்கேல்லை. கேட்டா நீர் வேண்டாமெண்டு சொல்லியிருப்பீர்."

அது உண்மைதான். காரைப் பனம்பலகை ஒன்றில் ஸ்குரூ போட்டு நிறுத்தினாள். அந்த நீளத்துக்குப் பெட்டி தேடியபோது, எப்போதோ ஒரு பிறந்தநாளுக்கு வந்த ரோஸ் நிறக் கேக் பெட்டி அளவாக அமைந்தது. யாழ்ப்பாண நகரத்துப் பேக்கரி ஒன்றின் பெட்டி. பஞ்சு அடைத்து, வெள்ளை நாடாவால் கட்டினாள்.

தயாபரனுக்கு அன்று வேலை. சனிக்கிழமை முதல் படகில் பவதாரணி தனியாக வந்தாள். வாடைக் காற்றுக்குப் படகு எழும்பி எழும்பி விழுந்தது. வழி நெடுகப் பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டிருந்தாள். குறிகட்டுவான் துறையில் இறங்கியபோது கை மரத்துப்போயிருந்தது. தேத்தண்ணிக் கடையின் மர வாங்கில் பெட்டியை வைத்துவிட்டு ஒரு பிளேன்ரீ வாங்கத் திரும்பினாள்.

அதே நேரம் யாழ்ப்பாணத்து பஸ்ஸும் வந்து நின்றது. சனம் இறங்கி ஓடிற்று. நயினாதீவுப் படகு புறப்படப் போகிறது என்று யாரோ கூப்பிட்டார்கள். வாங்கில் இரண்டு நிமிடம் தன் பையையும் பெட்டியையும் வைத்துக் குடையைத் தேடிய ஒரு பெண்பிள்ளை, குடையையும் பையையும் பெட்டியையும் வாரி எடுத்துக்கொண்டு படகுக்கு ஓடினாள். பவதாரணி அதைப் பார்க்கவில்லை. தேநீரைக் குடித்தாள், வாங்கில் இருந்த ரோஸ் பெட்டியைத் தூக்கினாள், பஸ்ஸில் ஏறினாள். பாரமும் அதே பாரம். நாடாவும் அதே வெள்ளை நாடா.

புங்குடுதீவு தாண்டி பஸ் ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்பியபோது அவள் பெட்டியை இறுக்கிப் பிடித்தாள். பக்கத்தில் இருந்த அம்மா பெட்டியைப் பார்த்துக் கேட்டார்:

"பிறந்தநாளோ பிள்ளை?"

"இல்லை அம்மா, கார்."

அந்த அம்மா ஒன்றும் விளங்காமல் சிரித்தார். கண்ணாடி கழன்றிருக்குமோ என்ற பயத்தில் பவதாரணி நாடாவை அவிழ்த்து மூடியைத் தூக்கினாள். உள்ளே வெள்ளை ஐசிங். அதன் மேல் நீல எழுத்தில், 'அன்பு அப்பாவுக்கு 60'.

எட்டிப் பார்த்த அம்மா தலையை ஆட்டினார்.

"நல்ல கார்" என்றார்.

பவதாரணிக்குச் சிரிப்பு வரவில்லை. எத்தனை மாதம் இருந்து செய்தது! பேனை முனைகளும் அன்ரனாக் குழாய்களும் இப்போது யார் கையில் கிடக்கின்றனவோ. மூடியில் பேக்கரியின் நம்பர் அச்சடித்திருந்தது. அடித்தாள்.

"அக்கா, கேக்கிலை ஏதும் பிழையோ?" என்று மறுமுனையில் ஒரு பெண் பயந்து கேட்டாள்.

"கேக்கிலை ஒரு பிழையும் இல்லை. ஆனா அது என்ரை கேக் இல்லை."

'அப்பாவுக்கு 60' என்று எழுதச் சொன்னது நயினாதீவுத் தாரிகா என்ற பிள்ளை. பேக்கரிப் பெண் விசயம் கேட்டுப் பதறித் தொலைபேசி எண்ணைத் தந்தாள். அடித்தால் மணி போகிறது, ஆள் எடுக்கவில்லை. பவதாரணி வேலணையில் இறங்கி, ஒரு ஓட்டோவைப் பிடித்து வந்த வழியே திரும்பினாள். ஓட்டோவில் இருந்தபடி கண்காட்சிக்காரருக்குச் சொன்னாள். நாளை காலை கொண்டுவந்தாலும் வைக்கலாம் என்றார்கள். உயிர் பாதி வந்தது. தயாபரனுக்குச் சொன்னாள்.

"கேக்கைச் சாப்பிட்டுப் போடாதையும். அதுதான் எங்களுக்குப் பிணை" என்றான் அவன்.

குறிகட்டுவானில் இறங்கும்போது போன் அடித்தது. யாரோ வாயைக் கையால் மூடிக்கொண்டு குசுகுசுத்தார்கள்.

"அக்கா, நான் தாரிகா. நீங்கள் கேக் வைச்சிருக்கிறனீங்களோ?"

"ஓம். நீர் கார் வைச்சிருக்கிறீரோ?"

"நான் இல்லை அக்கா. அப்பா வைச்சிருக்கிறார். அதுதான் பெரிய சிக்கல்."

சிக்கல் இதுதான். தாரிகாவின் தகப்பன் சரவணமுத்து தங்காலையில் கடை வைத்திருந்து, கடையை விற்றுவிட்டு ஊரோடு வந்தவர். கார் ஓடத் தெரியும், கார் வாங்கத்தான் வாழ்நாளில் வாய்க்கவில்லை. முதலில் காசு இல்லை. காசு வந்தபோது, ஒரு சுற்றுச் சுற்றினால் முடிந்துவிடுகிற நயினாதீவுக்குக் கார் எதற்கு என்று மனைவி நல்லம்மா மறித்துவிட்டார். ஆனாலும் மனிதன் சாரதி அனுமதிப்பத்திரத்தை மட்டும் தவறாமல் புதுப்பித்துக்கொண்டே வந்தார். தாரிகா சின்னவளாக இருந்தபோது, "நான் வேலைக்குப் போனா முதல் உங்களுக்குக் கார்தான் அப்பா" என்று சொல்லியிருந்தாளாம். இந்த வருடம் அவளுக்கு யாழ்ப்பாணத்தில் வங்கி வேலை கிடைத்தது. காலையில் அவள் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு முகம் கழுவப் போக, கேக் என்றாலே சலித்துக்கொள்கிற சரவணமுத்து சும்மா மூடியைத் திறந்து பார்த்திருக்கிறார்.

"நான் வரக்குள்ளை அப்பா அழுதுகொண்டு நிக்கிறார் அக்கா. 'சொன்னபடி வாங்கிப்போட்டாளே என்ரை பிள்ளை' எண்டு சிரிக்கிறார், அழுகிறார். என்னாலை வாய் திறக்க ஏலாமப் போச்சு. இப்ப ஊர்ச்சனம் எல்லாம் வந்து பாத்திட்டுப் போகுது. நீங்கள் என்ரை சிநேகிதி எண்டு வாங்கோ. பேந்து ஆறுதலா ஒரு வழி பாப்பம்."

பவதாரணி நயினாதீவுப் படகில் ஏறினாள். அந்தப் பதினைந்து நிமிடப் பயணத்தில் அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. வேறொருத்தர் அழுதால் என் கார் எனக்கு இல்லை என்று ஆகிவிடுமா? இறங்கியதும் நேரே போய்க் காரைக் கேட்டுவிடுவது என்று முடிவு கட்டிக்கொண்டுதான் இறங்கினாள்.

வீட்டு வாசலில் ஏழெட்டுச் செருப்பு கிடந்தது. உள்ளே கூடத்து மேசையில் பட்டுத்துணி விரித்து, அதன் மேல் கார் நின்றது. மூக்கில் சந்தனமும் குங்குமமும். நான்கு சில்லின் கீழும் நான்கு பிஞ்சுத் தேசிக்காய்.

பவதாரணி அப்படியே நின்றுவிட்டாள்.

"வாங்கோ பிள்ளை, தாரிகாவின்ரை சிநேகிதியோ? நெடுந்தீவிலையிருந்து கேக்கோடை வந்தனீரோ? இருங்கோ, இருங்கோ" என்று கதிரையை இழுத்துப் போட்டார் சரவணமுத்து. மெலிந்த உயரமான மனிதர். புதுவேட்டி. முகம் முழுக்கச் சிரிப்பு. "கேக்கை ஒருக்கா அங்கால வையும். முதல் இதைப் பாரும். என்ரை மகள் வாங்கித் தந்த கார்."

கதவுக்குப் பின்னால் நின்ற தாரிகா கும்பிடாத குறையாகப் பார்த்தாள்.

"கோயில் வாசலுக்கும் கொண்டுபோய் வந்தனான். புது வாகனமெண்டா முறை ஒண்டு இருக்கெல்லே? தேசிக்காயை மட்டும் இன்னும் நசிக்கேல்லை. உருட்ட மனம் வரேல்லை" என்றார் அவர்.

காரின் பாரம் முழுதும் அந்தப் பிஞ்சுக் காய்களின் மேல் நின்றது. பித்தளைக் கைகள் அசையவில்லை. பிளாஸ்ரிக்கிலேயே விட்டிருந்தால் இந்நேரம் மூக்குக் குப்புற விழுந்திருக்கும் என்று பவதாரணி நினைத்தாள். கோபத்துக்குள்ளும் ஒரு சின்னப் பெருமை எட்டிப் பார்த்தது.

வந்திருந்தவர்களுக்குச் சரவணமுத்து ஒரு ஈர்க்குச்சியை வைத்துக்கொண்டு விளக்கம் சொன்னார்.

"இந்தப் புகைக்குழாயைப் பாருங்கோ. ஒரு மடிப்பு, ஒரு நெளிவு இருக்கோ? யப்பான்காரன்ரை மெசின் வேலை. இந்த எட்டுப் புனலும் ஒண்டுக்கொண்டு ஒரு மயிரளவு வித்தியாசமில்லை. கையாலை ஆரும் இப்பிடிச் செய்ய ஏலாது. செய்யிறதெண்டா அவன் மனிசனில்லை."

பவதாரணி தேநீர்க் கோப்பையை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனவள் குடிக்க மறந்தாள். எத்தனை மாதமாக யாராவது குனிந்து பார்த்து இப்படி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்களா என்று இருந்தவள். இப்போது ஒருவர் ஒவ்வொரு ஆணியாகத் தொட்டுத் தொட்டுச் சொல்கிறார். ஆனால் பாராட்டு முழுவதும் யப்பானுக்குப் போகிறது. சிரிப்பதா, எழும்பி நின்று கத்துவதா என்று தெரியவில்லை. வந்த கோபம் எந்த நேரத்தில் எங்கே போனது என்றும் தெரியவில்லை. ஒவ்வொரு இடமாக அவர் ஈர்க்குச்சியைக் கொண்டுபோகக் கொண்டுபோக, அடுத்தது எதைச் சொல்வார் என்று அவளும் சின்னப்பிள்ளைபோலக் காத்திருந்தாள்.

சரவணமுத்துவுக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது.

"நான் சவால் விடுறன். உதிலை ஒரு பிழை காட்டுங்கோ பாப்பம். ஆராலும் ஏலாது."

"இடப்பக்கக் கண்ணாடி கொஞ்சம் சரிவு" என்றாள் பவதாரணி. "ஈயம் ஆற முந்திக் கையை எடுத்திட்டன்."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்னவென்று அவளுக்கே விளங்கியது.

நல்லம்மா குசினி வாசலில் அகப்பையோடு நின்றார். சரவணமுத்து குனிந்து இடப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு வலப்பக்கத்தை. மறுபடி இடப்பக்கத்தை. பிறகு நிமிர்ந்து பவதாரணியின் கைகளைப் பார்த்தார். விரல் நுனிகளில் சூட்டுக்கோல் பட்ட பழைய தழும்புகள்.

"ஆர் கையை எடுத்தது?" என்று மெதுவாகக் கேட்டார்.

தாரிகா அழத் தொடங்கிவிட்டாள். அழுதபடியே கேக் பெட்டி, தேத்தண்ணிக் கடை, படகுக்கு ஓடியது எல்லாவற்றையும் கொட்டினாள். "உங்களுக்கு நான் கேக்தானப்பா வாங்கினனான். கார் வாங்க என்னட்டை இப்ப..." என்று மேலே சொல்ல முடியாமல் நின்றாள்.

சரவணமுத்து கதிரையில் இருந்தார். ஊர்க்காரர் ஒருவர் செருமினார், இன்னொருவர் செருப்பைத் தேடினார். பவதாரணிக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. பேசாமல் ஒரு நாள் விட்டிருக்கக் கூடாதா?

அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நிமிர்ந்தபோது பார்த்தால் மனிதன் சிரிக்கிறார். சத்தமே வராத சிரிப்பு. பிறகு சத்தத்தோடு வந்தது.

"அப்ப நான் கோயிலிலை போய் அர்ச்சனை செய்தது மற்றாளின்ரை காருக்கோ!"

நல்லம்மா அகப்பையோடு சிரித்தார். செருப்புத் தேடியவரும் திரும்பி வந்து சிரித்தார்.

"என்ன பிள்ளை அழுகிறாய்?" என்று மகளின் தலையில் கை வைத்தார் சரவணமுத்து. "ஒரு காலமை முழுக்க நான் கார்க்காரனா இருந்தனான். அது உன்னாலைதானே. எனக்கு அது காணும்." பிறகு பவதாரணி பக்கம் திரும்பினார். "நீர் என்ன, மெய்யாவே மனிசப் பிறவிதானோ? இந்தக் குழாய் எப்பிடி மடியாம வளைஞ்சுது? அதை முதல் சொல்லும்."

"உள்ளுக்கை மணல் நிரப்பினனான்" என்றாள் பவதாரணி.

"மணலோ!"

"ஓம். கடற்கரை மணல். அரிச்சு, காயவைச்சு..."

அவள் சொல்லத் தொடங்கினாள். கேக் வெட்டியதும், சனம் கலைந்ததும், மத்தியானச் சாப்பாடு போட்டதும் இடையில் நடந்தன. அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். றேடியோ அன்ரனா என்றபோது அவர் தொடையில் தட்டிக்கொண்டார். பேனை முனை என்றபோது எழும்பிப் போய்த் தன் சட்டைப் பையில் இருந்த பேனையைக் கழற்றிப் பார்த்துவிட்டு வந்தார். முன்சில்லுக் கைகள் முறிந்த கதையில், தனக்கே முறிந்ததுபோல "ஐயோ" என்றார். அவளுக்குப் பேசிப் பேசித் தொண்டை கட்டிவிட்டது.

அன்று அங்கேயே தங்கினாள். தயாபரன் போன் எடுத்து, கார் பத்திரமா என்று கேட்டான்.

"கோயிலுக்கும் போட்டு வந்து பொட்டோடை நிக்குது" என்றாள் பவதாரணி.

"நீர் ஏன் இப்பிடிச் சிரிக்கிறீர்?"

"வந்து சொல்லுறன். ஆனா நித்திரை கொள்ளாமக் கேக்க வேணும்."

ஞாயிறு காலை காரோடு அவள் மட்டும் போகவில்லை. சரவணமுத்துவும் வெளிக்கிட்டார், தாரிகாவும் வெளிக்கிட்டாள். காருக்குத் துணைக்கு ஆள் வேண்டும், நேற்றுப்போல மாறிப் போனால் என்ன செய்வது என்று நல்லம்மாவும் புதுச்சேலையோடு ஏறினார். படகிலும் பஸ்ஸிலும் பெட்டி சரவணமுத்துவின் மடியில்தான். யாரிடமும் தரவில்லை.

கண்காட்சி மண்டபத்தில் நடுவர்கள் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். ஒருவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். ஒருவர் பென்சிலால் அங்குமிங்கும் தட்டிக் காது கொடுத்தார். கடைசியில் தயங்கித் தயங்கிச் சொன்னார்கள்.

"மிஸ், இதைப் பிளாஸ்ரிக் பிரிவிலை வைக்க ஏலாது. இதிலை பிளாஸ்ரிக் எங்கை கிடக்கெண்டு நாங்கள் தேட வேண்டியிருக்கு. சொந்தத் தயாரிப்பிலை வைக்கிறம். மூக்கிலை இந்தச் சிவப்பு என்ன?"

குங்குமத்தைத் துடைத்துப் பார்த்தும் முழுதாகப் போயிருக்கவில்லை.

"அது கார் ஓட முதல் வைக்கிற பொட்டு" என்றார் சரவணமுத்து. நடுவர் அதையும் எழுதிக்கொண்டார்.

சொந்தத் தயாரிப்புப் பிரிவில் தீக்குச்சிக் கப்பல் ஒன்றுக்கு முதல் பரிசு போயிற்று. உண்மையாகவே பாரம் தூக்குகிற ஒரு கிரேனுக்கு இரண்டாவது. பவதாரணியின் காருக்கு மூன்றாவது. சரவணமுத்து கொதித்துப்போனார்.

"கப்பலோ! தீக்குச்சியை ஒட்டுறதும் ஒரு வேலையோ?"

"அண்ணை, அது நல்ல கப்பல்" என்றாள் பவதாரணி. அவளுக்கு உண்மையில் அந்தக் கப்பல் பிடித்திருந்தது. அதைவிட, பரிசு சொல்லும்வரை அந்த மேசையடியில் நடந்தது பிடித்திருந்தது. வந்தவர் போனவருக்கெல்லாம் சரவணமுத்து ஈர்க்குச்சி இல்லாமல் விரலாலேயே விளக்கம் சொன்னார். "இது என்ன எண்டு நினைக்கிறியள்? அன்ரனா! உது? பேனை முனை! செய்தது ஆர்? இந்தா நிக்கிறா, நெடுந்தீவுப் பல்லு மிஸ்." அப்போதெல்லாம் ஆட்கள் திரும்பி அவளைப் பார்த்தார்கள். பல்லைப் பற்றிக் கேட்காமல் குழாயைப் பற்றிக் கேட்டார்கள். மணல் நிரப்பும் கதையை எத்தனை தரம் சொன்னாள் என்று அவளுக்கே கணக்கில்லை. ஒருவரும் நித்திரை கொள்ளவில்லை.

பின்னேரம் குறிகட்டுவானில் இரண்டு படகும் புறப்பட நின்றன. பெட்டியை அவளிடம் தரும்போது சரவணமுத்து மூடியைத் தூக்கி, உள்ளே கார்தான் இருக்கிறது என்று ஒருமுறை சரிபார்த்தார். தாரிகா அவளைக் கட்டிப்பிடித்தாள். நல்லம்மா ஒரு பை நிறையப் பனங்கிழங்கு தந்தார்.

நெடுந்தீவுப் படகு முதலில் அசைந்தது. கொஞ்சத் தூரம் விலகியபோது, துறையில் நின்ற சரவணமுத்துவுக்கு என்னவோ ஞாபகம் வந்து இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினார். எஞ்சின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. பவதாரணி காதைக் காட்டினாள். அவர் இரண்டு கையாலும் ஸ்டியரிங் பிடித்து இடமும் வலமும் திருப்பிக் காட்டினார். பிறகு கேள்வியாகக் கையை விரித்தார்.

ஸ்டியரிங்கைத் திருப்பினால் சில்லு திரும்புமோ என்கிறார். திரும்பாது. அவள் அதை யோசித்ததே இல்லை. ஒரு மெல்லிய பித்தளைத் தண்டு, இரண்டு குட்டி மூட்டு, அவ்வளவுதானே வேண்டும்? மூட்டுக்கு எதைப் பிடிக்கலாம்?

"செய்யலாம் அண்ணை!" என்று படகே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள் பவதாரணி. "செய்யலாம்!"